கங்காணி பையில் போன ஓட்டுகள்

போன செவ்வாய்க்கிழமை என் ஸ்டூடியோவில் ஒரு கஸ்டமரை விரட்டிவிட்டேன்.

விரட்டினேன் என்று சொல்வது என் மனைவி. நான் கொஞ்சம் உரக்கப் பேசினேன், அவ்வளவுதான். தானா ராத்தாவில் எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள் என்பதும் அவள் சொன்னதுதான். அந்த நேரத்தில் எனக்கு வாசலும் தெரியவில்லை, கடைக்காரர்களும் தெரியவில்லை.

வந்தவன் பெயர் குமார். தோட்டத்துப் பையன்... பையன் என்ன பையன், இருபத்து மூன்று வயது. தேயிலை ஃபேக்டரியில் வேலை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்கிறான், அதற்குப் படம். எங்கள் ஸ்டூடியோவின் புகழ்பெற்ற கறுப்புக் கோட்டை — இந்த மலையில் பாதி ஆண்கள் அதைப் போட்டுத்தான் படம் எடுத்திருக்கிறார்கள் — மாட்டிவிட்டு, தலையைச் சீவச் சொல்லி, முகவாயைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைத்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்றால் என் வாய் சும்மா இருக்காது. வாராவாரம் இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

"தம்பி, ஓட்டுக்குப் பேர் பதிஞ்சிட்டியா? போஸ்டாபீஸ்ல ஆளுங்க வந்து உட்கார்ந்திருக்காங்களே?"

"அதான் புளூ ஐசி இருக்கே அங்கிள்." ஐசி என்றால் அடையாள அட்டை; குடிமக்களுக்கு நீலம்.

"ஐசி வேற, ஓட்டு வேறப்பா. இருபத்தொண்ணு ஆயிட்டா நீயே போய்ப் பேரைப் பதியணும். தானா வராது."

"சரிலா அங்கிள்... ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போவுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். படத்துக்குச் சிரிக்கச் சொன்னால் கல்லு மாதிரி உட்காருகிறவன், இதற்குச் சிரித்தான். அதற்குப் பிறகு நான் என்னென்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. "கோட்டைக் கழட்டு" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. கழற்றி வைத்துவிட்டு, பஸ் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டானாம். நன்றாகத்தான் எடுத்திருப்பார்கள்.

ஒரு பையன் விளையாட்டாகச் சொன்ன வார்த்தைக்கு இந்த வயதில் இத்தனை கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். மனைவியும் அதைத்தான் கேட்டாள். உங்களுக்கு ராசம்மாவைத் தெரிந்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

ராசம்மா, மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிறவர். எந்தத் தோட்டம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே ஒருத்தர் கடைக்கு வந்து நிற்பார். ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசி மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. வெயில் நாளில் அதை ஆறு என்று சொன்னால் சிரிப்பீர்கள் — கணுக்கால் நனையும். மழை நாளில் சிரிக்க மாட்டீர்கள்.

அந்த ஆற்றின் மேல் கட்டைகளை அடுக்கி ஒரு பாலம். மழை வந்தால் பாலம் போகும். மழை விட்டால் ஆட்கள் இறங்கிக் கட்டைகளை மறுபடி தூக்கிப் போடுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடி போகும். துரையை — தோட்ட மேனேஜரை — கேட்டால், "கட்டை கொடுக்கிறோம், ஆள் கொடுக்கிறோம், வேறு என்ன செய்ய?" என்பார். அரசாங்க ஆபீசில் கேட்டால், தோட்டம் தனியார் நிலம், நாங்கள் கை வைக்க முடியாது என்பார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

ஆனால் ஒன்று. பாலம் போன நாளில் கொழுந்து மட்டும் நிற்காது. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருந்தார்கள். மூட்டைகளை அதில் மாட்டி அக்கரைக்கு இழுத்து லோரியில் ஏற்றிவிடுவார்கள். கொழுந்துக்குக் கம்பி இருந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

ராசம்மாவின் மகள் தேவி. பன்னிரண்டு வயதில் ஐசி படம் எடுக்க அம்மாவோடு வந்தாள். கேமராவைப் பார் என்றால், கேமரா எப்படி வேலை செய்கிறது என்று கேட்ட பிள்ளை. கேமராவின் பின்கண்ணாடியில் பார்க்கக் கொடுத்தேன். அம்மா தலைகீழாகத் தெரிகிறாள் என்று வியந்தாள், ஏன் தலைகீழாகத் தெரிகிறது என்று கேட்டு என் உயிரை வாங்கினாள்.

"இத மட்டும் படிக்க வச்சிரணும்ணே," என்றார் ராசம்மா. "எங்கம்மா கூடை தூக்குனாங்க, நான் தூக்குறேன். இது தூக்கக் கூடாது. அவ்வளவுதாண்ணே எனக்கு."

வேறு ஆசையே கிடையாதா என்று கேலியாகக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கேலி எனக்கே ஒட்டவில்லை.

பிறகு தேவி டவுனில் இடைநிலைப் பள்ளிக்கு வந்தாள். பள்ளி வேன் மெயின் ரோடு வரைக்கும்தான் வரும். ஆற்றைத் தாண்டி வந்தால் பள்ளிக்கூடம். தாண்ட முடியாவிட்டால் லயம். மழை மாதங்களில் எத்தனையோ நாள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு லயத்துக் கரையில் நின்று, வேன் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அப்படியும் வகுப்பில் முன்வரிசையில்தான் இருந்தாள். மூன்றாம் பாரம் வந்தது. அந்த வருஷக் கடைசியில் எஸ்ஆர்பி பரீட்சை. அதில் தேறினால் மேலே படிக்கலாம். இல்லாவிட்டால் கூடை.

அதே வருஷம்தான் தேர்தலும் வந்தது.

இந்த இடத்தில் கங்காணி முனுசாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேல் டிவிஷனுக்கு எல்லாம் அவர்தான். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் — தோட்டத்தில் டவுனுக்குப் போவது என்றால் நீங்கள் நினைப்பது மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவது இல்லை. ஒரு நாள் சம்பளம் போகும். லோரி கிடைக்க வேண்டும். அதனால் ஒரு வழக்கம். ஒருத்தர் போவார், எல்லாருடைய வேலையையும் முடித்துக்கொண்டு வருவார். மருந்துச் சீட்டு, சாமிக்குக் கற்பூரம், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக் கால் அளவு, என் கடையில் கழுவக் கொடுத்த பிலிம் — எல்லாம் கங்காணியின் காக்கிப் பையில் வரும், பையில் போகும். இருபது வருஷமாக ஒரு பொருள் மாறிப் போனதில்லை. அந்த மனிதரின் பெருமையே அதுதான்.

முந்தைய வருஷம் ஓட்டுப் பதிவுக்கு ஆட்கள் வந்தபோதும் அதே வழக்கம். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, பெரட்டு — அங்கே கங்காணி சொல்லியிருக்கிறார்.

"ஓட்டுக்குப் பேர் பதியிறாங்களாம். புளூ ஐசி உள்ளவங்க எல்லாம் கொண்டாந்து குடுங்க. நான் போயிப் பதிஞ்சிட்டு வந்துர்றேன்."

கொடுத்தார்கள். குடும்பம் குடும்பமாக நூல் சுற்றிக் கொடுத்தார்கள். பை டவுனுக்குப் போனது. சாயங்காலம் திரும்பி வந்தது. அவரவர் ஐசி அவரவர் கைக்கு வந்தது.

"ஆச்சா கங்காணி?"

"ஆச்சு, ஆச்சு."

ராசம்மா அடுத்த முறை கடைக்கு வந்தபோது என்னிடம் அத்தனை சந்தோஷமாகச் சொன்னார். "ஓட்டு வந்திருச்சுண்ணே எங்களுக்கு!" நானும் சந்தோஷப்பட்டேன். கங்காணி எல்லாரையும் லோரியில் கூட்டிவந்து பதிந்திருக்கிறார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். பை போன கதை அப்போது எனக்குத் தெரியாது.

தேர்தல் சூடு பிடித்ததும் ஒரு வேட்பாளர் தன்னோடு சுற்றிப் படம் எடுக்க என்னை அமர்த்தினார். பெயரைக் கேட்காதீர்கள், கட்சியையும் கேட்காதீர்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் லேண்ட்ரோவர் ஒன்றுதான், மாலை ஒன்றுதான். மேல் டிவிஷனுக்கும் போனோம். பெரட்டுத் திடலில் கூட்டம். மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள், வேட்பாளர் ஒரு குழந்தையைத் தூக்கினார், நான் படம் எடுத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராசம்மா முன்னால் வந்தார்.

"ஐயா, எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாங்க. ஒரு பாலம். எம் பொண்ணு இந்த வருஷம் பரீச்ச எழுதுது. மழைக்கு முன்னால ஒரு பாலம் போட்டுக் குடுத்தீங்கன்னா போதுங்க."

"கண்டிப்பா போட்டுடலாம்மா," என்றார் அவர். நல்ல குரல். எனக்கே நம்பிக்கை வந்தது.

லேண்ட்ரோவரில் ஏறும்போது அவருடைய செயலாளர் — ஒல்லியான ஆள், பவுன் ஃபிரேம் கண்ணாடி — கங்காணியைத் தனியே கூப்பிட்டார். "இங்க எத்தனை ஓட்டு?"

"அத்தனையும் ஐயாவுக்குத்தாங்க," என்றார் கங்காணி, தரையைப் பார்த்துக்கொண்டே. அடக்கம் என்று நினைத்தேன்.

ஓட்டு நாள். அதை நான் மறக்க முடியாது. என் ஸ்டூடியோ வாசலில் இருந்து பார்த்தால் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி தெரியும். மேல் டிவிஷன் லோரி வந்து நின்றது. தீபாவளிக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள்! பெண்கள் எல்லாம் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. ஆண்கள் வெள்ளைச் சட்டை. ராசம்மா ஐசியைக் கைக்குட்டையில் சுற்றி, கையிலேயே பிடித்திருந்தார். தோட்டம் அன்றைக்கு லீவு. நானும் கேமராவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நல்ல படம் கிடைக்கும் என்று போனேன்.

பள்ளிக்கு வெளியே கட்சிக்காரர்களின் கொட்டகை. அங்கே பெயரைச் சொன்னால் நம்பர் எழுதித் தருவார்கள். கங்காணி முதலில் சொன்னார். தேடினார்கள், இருந்தது. நம்பரை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அடுத்தது ராசம்மா. தேடினார்கள். இல்லை. புருஷன் பெருமாள். இல்லை. அடுத்த வீடு. இல்லை. அடுத்த லயம்... இல்லை.

"நல்லாப் பாருங்க தம்பி! பதிஞ்சாச்சு. பெரட்டுலகூட எங்க பேரு எல்லாம் இருக்கு!"

"பெரட்டுல இருந்து என்னாம்மா செய்ய? இதுல இல்லையே."

ராசம்மா விடவில்லை. நேரே பள்ளிக்கூட வாசலுக்கே போய்விட்டார். உள்ளே மேசையில் இருந்த மலாய்ப் பெண் குமாஸ்தா எழுந்து, ஐசியை வாங்கி, பொறுமையாக மறுபடி பார்த்தார். "நாமா தா அடா, மக்சிக்," என்றார். பெயர் இல்லை, அம்மா. அதையும் அவர் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னார்.

ராசம்மா திரும்பி வந்து கங்காணியைப் பார்த்தார். எல்லாருமே கங்காணியைத்தான் பார்த்தார்கள்.

கங்காணி தரையைப் பார்த்தார். கையில் நம்பர் சீட்டு. பின்னால் இருந்து யாரோ, "நீங்க போங்க கங்காணி, நேரமாவுது," என்று சொன்னார்கள். கேலியாகவா, நிஜமாகவா தெரியவில்லை. அவர் உள்ளே போனார். அவர் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை பட்டுப் புடவைகள் எல்லாம் வெயிலில் நின்றன. நான் படம் எடுக்கவில்லை.

நடந்தது என்ன என்று கங்காணியே பிறகொரு நாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னார். பையைக் கொண்டுபோய்ப் பதிவு மேசையில் வைத்திருக்கிறார். அந்த அதிகாரி பையைப் பார்த்துவிட்டு, அவரவர் நேரில் வர வேண்டும், அவரவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நீங்கள் வந்திருக்கிறீர்கள், உங்களுடையதை மட்டும் பதிகிறேன் என்று அவர் பெயரைப் பதிந்துகொண்டார்.

"அதைப் போய்ச் சொல்லியிருக்கலாமே கங்காணி?"

"சொல்லத்தாண்ணே போனேன். லோரிய விட்டு எறங்குறேன், எல்லாரும் ஆச்சா ஆச்சான்னு வர்றாங்க. எம் பையி என்னிக்காச்சும் வேல முடியாம திரும்பியிருக்கா? வாய் வரலண்ணே. அடுத்த வாரம் தொரகிட்ட லோரி கேட்டு எல்லாரையும் கூட்டியாந்துரலாம்னு நெனச்சேன். அடுத்த வாரம் கொழுந்து ஏறிப்போச்சு, ஆளுங்கள விட முடியல. அதுக்கடுத்த வாரம் பதிவு முடிஞ்சிருச்சு."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

வேட்பாளர் ஜெயித்தார். மேல் டிவிஷன் ஓட்டு இல்லாமலே தாராளமாக ஜெயித்தார். அதுதான் இதில் கொடுமை.

ராசம்மா பாலத்தை விடவில்லை. "சொன்னாருல்ல? நீங்களும் கேட்டீங்கல்ல? கூட வாங்கண்ணே," என்று என்னை இழுத்துக்கொண்டு ஜெயித்து இப்போது வை.பி. ஆகிவிட்ட அந்த வேட்பாளரின் சேவை மையத்துக்குப் போனார். பவுன் ஃபிரேம்தான் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி வரவழைத்தார். ராசம்மா எல்லாவற்றையும் சொன்னார் — ஆறு, கட்டை, வேன், பரீட்சை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் சொன்னார்:

"மேல் டிவிஷன்ல நமக்கு ஒரே ஒரு ஓட்டுதாம்மா."

"அது தெரியாம நடந்துபோச்சுங்க."

"நான் உங்களக் குத்தம் சொல்லல. எனக்கு எட்டு எடத்துல இருந்து பாலம் கேட்டு வந்திருக்கு. ஒரு பாலம்தான் இப்ப போட முடியும். கோலா தெர்லா பக்கம் கேக்குறாங்க, அங்க ஒரு வீட்டுல மட்டும் ஆறு ஓட்டு. நீங்களே சொல்லுங்க, யாருக்குப் போடச் சொல்ல?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஓட்டு இல்லாதவன் ஆத்துல போகட்டுமா சார்?" என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொல்லலன்னா இன்னொருத்தர் சொல்லுவாரு அண்ணே," என்றார். எங்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

மழைக்கு முன்பே கோலா தெர்லா பக்கம் இரும்புப் பாலம் வந்துவிட்டது. நானே போய்ப் பார்த்தேன், வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? காய்கறி லோரிகள் அதில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அங்கே ஒரு காய்கறித் தோட்டக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். பதிவு நாளில் அவர்கள் முட்டைக்கோஸ் ஏற்றுவதை அரை நாள் நிறுத்திவிட்டு, வயதானவர்களையும் லோரியிலேயே உட்கார வைத்துக் கூட்டிப்போனார்களாம். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்? செய்ய வேண்டியதைச் செய்தார்கள், கிடைக்க வேண்டியது கிடைத்தது. பாலம் உறுதியாகவும் இருந்தது.

மழை வந்தது. பரீட்சையும் வந்தது.

முதல் நாள் தேவி எப்படியோ வந்து எழுதிவிட்டாள். அன்று இரவு கொட்டிய மழையில் மறுநாள் காலை கட்டைகள் இல்லை. பெருமாள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கியிருக்கிறார். பாதியில் கால் நிற்கவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கிக் கரையேறினாரே, அதுவே பெரிய காரியம். வேன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. தேவி நனைந்த யூனிபார்மோடு கரையில் உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதற்கு, "இப்ப கணக்குப் பேப்பர் நடக்குதும்மா," என்றாளாம். பேப்பர் முடிகிற நேரம்வரை எழுந்திருக்கவில்லையாம்.

கம்பியில் கொழுந்து மூட்டைகள் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த வருஷம் எழுதலாமே என்று எத்தனை பேர் சொன்னார்கள். நானும் சொன்னேன். அடுத்த வருஷமும் அதே ஆறு, அதே மழை. வருஷம் பிறந்ததும் தேவி கூடை தூக்கினாள். அந்தச் செய்தியை ராசம்மா என்னிடம் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என் கடைப் பக்கமே வரவில்லை.

நான் யோசித்துப் பார்க்கிறேன். நம்மை எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. பெரட்டில் தலையை எண்ணுகிறார்கள். தராசில் கொழுந்தை நிறுக்கிறார்கள். சாவுக்கு வந்தவர்களைக்கூட நாமே எண்ணி வைத்துக்கொள்கிறோம். இந்த ஒரு எண்ணிக்கைக்கு மட்டும் நாமே எழுந்து போய், இந்தா நான் என்று நிற்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் நமக்கு அடுத்த வாரம் ஆகிவிடுகிறது... ஓட்டு இருந்திருந்தால் மட்டும் பாலம் வந்திருக்குமா என்று என்னைக் கேட்பீர்கள். தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஓட்டுப் போட்டும் பாலம் கிடைக்காத ஊர்கள் எனக்குத் தெரியும். ஓட்டே இல்லாமல் பாலம் கிடைத்த ஊர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு மேல் டிவிஷனில் ஓட்டைப் பற்றிப் பேசினாலே ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். பட்டுப் புடவை கட்டிப் போய் வெயிலில் நின்றது அவர்களுக்கு அப்படி ஓர் அவமானம். அடுத்த தேர்தல் வந்து போனது. ஒருவரும் பதியவில்லை. கங்காணி பையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் தவறியும் போனார். கேதத்துக்கு வைக்கும் பெரிய படத்தை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

குமாரை விரட்டிய அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, எனக்கு மனசு கேட்கவில்லை. நண்பர் ஒருவரின் வேனை இரவல் வாங்கிக்கொண்டு மேல் டிவிஷனுக்குப் போனேன். மறுநாள் காலை வந்து ஏற்றிக்கொள்கிறேன், சாயங்காலத்துக்குள் திருப்பி விடுகிறேன், ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று வீடு வீடாகக் கெஞ்சினேன். தேத்தண்ணி கொடுத்தார்கள். "பாப்போம்லா" என்றார்கள்.

தேவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிவிட்டது. விரல் நுனிகள் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன. சிரித்துக்கொண்டே, "வாங்க மாமா," என்றாள்.

"உனக்கும் இருபத்தொண்ணு தாண்டியாச்சு. நாளைக்கு வண்டி வருதும்மா. வந்து பதிஞ்சிடு. எல்லாரும் பதிஞ்சா இந்தப் பாலத்தையாவது கேட்டு வாங்கலாம்."

துணியை உதறிக் கொடியில் போட்டாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

"பாலம் வந்தா மட்டும் நான் இனிமே எங்க மாமா போகப் போறேன்?"

இந்தப் பத்தியில் ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவன் நான். வாளியில் மிச்சமிருந்த துணியை எடுத்து அந்தப் பிள்ளையிடம் நீட்டினேன்.

மறுநாள் காலை வேனை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கட்டைகள் மேல் நடந்து ஒருத்தர் வந்தார். ராசம்மா. தலை நரைத்துவிட்டது. ஓட்டு நாளில் கட்டிய அதே பட்டுப் புடவை, பூவெல்லாம் இல்லை. வேறு யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "போலாம்ணே. யாரும் வர மாட்டாங்க," என்றார்.

போஸ்டாபீசில் வேலை ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கைநாட்டு வைத்தார். விரலைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார்கள். இத்தனை வருஷம், இந்த ஐந்து நிமிஷத்துக்கு!

திரும்பும்போது அவரைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தேன். என்னைத் தேற்றிக்கொள்ள நினைத்தேன் என்றும் சொல்லலாம்.

"இன்னிக்கு நல்ல காரியம் பண்ணிட்ட ராசம்மா. மேல் டிவிஷனுக்கு இப்ப ரெண்டு ஓட்டு!"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"எங்கண்ணே ரெண்டு? கங்காணிதான் போயிட்டாரே. அதே ஒண்ணுதான்."

பதிவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. சும்மா சொல்லி வைக்கிறேன்.